கடனும் குற்றமும்: கலியாணத்துக்கு முன் ஒரு தங்கச்சி கேட்டதற்குப் பதில்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம் சைவக் குடும்பத்துப் பிள்ளை. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பத்துப் பெடியனோடு கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. மாமியாராக வரப்போகிறவர் நல்ல மனுசி. “பத்துக் கட்டளையைப் பாடமாக்கு பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு தானாய் வரும்” என்று சொல்லியிருக்கிறார். அது போதுமா, அன்றாட வாழ்க்கைக்கு இந்தச் சமயம் உண்மையில் என்ன கேட்கிறது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: “எல்லாரையும் மன்னிக்கவேண்டும் என்றால், என்ரை சித்தப்பாவைக் கொண்டுபோன ஆக்களையும் மன்னிக்கவேணுமா?” முதல் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இருக்கும். கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பாதர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தவன். இடம்பெயர்ந்த காலங்களில் பாலை மரத்துக்குக் கீழேயும் படிப்பித்திருக்கிறேன். ஆகையால் நான் சொல்வதை ஒரு கத்தோலிக்க வாத்தியின் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்துக் கட்டளையைப் பாடமாக்குங்கள், பிழையில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் “ஆறாம் கட்டளை” என்றால் அது விபசாரத்தைப் பற்றியது. மெதடிஸ்த ஆட்களோ அங்கிலிக்கன் ஆட்களோ அதையே சொன்னால் கொலையைப் பற்றியது. சிலை செய்து வணங்காதே என்பதை அவர்கள் தனிக் கட்டளையாக எண்ணுவார்கள். நாங்கள் அதை முதலாவதோடு சேர்த்துவிட்டு, பிறர் மனைவியை விரும்பாதே, பிறர் பொருளை விரும்பாதே என்று கடைசியை இரண்டாக்கிப் பத்தை நிரப்புகிறோம். ஒரு செத்தவீட்டில் இரண்டு பெரியப்பாமார் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். பிரேதம் நடுவில் கிடந்தது.

கட்டளைகளில் எது பெரியது என்று இயேசுவிடமே ஒருவர் கேட்டார். அவர் இரண்டு பழைய வசனங்களைச் சேர்த்துப் பதில் சொன்னார்: கடவுளை முழு உள்ளத்தோடு நேசி, உன்னை நேசிப்பதுபோல அயலானை நேசி. முதலாவது இணைச்சட்ட நூலில் இருப்பது, இரண்டாவது லேவியர் நூலில் இருப்பது. எல்லாக் கோயில் சுவரிலும் எழுதியிருப்பார்கள். எழுதியதால் ஒன்றும் ஆகவில்லை, அது வேறு கதை.

“சரி, யார் என் அயலான்?” என்று சட்டம் படித்த ஒருவர் மடக்கிக் கேட்டதற்குத்தான் அந்தச் சமாரியன் கதை. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகிற வழியில் கள்ளர் ஒருவனை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். குரு விலகிப் போகிறார், கோயில் ஊழியரான லேவியர் விலகிப் போகிறார். ஒரு சமாரியன் வந்து காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியமும் கொடுக்கிறான். இரண்டு நாள் கூலி. “நல்ல சமாரியன்” என்று சொல்லிச் சொல்லி இந்தக் கதையின் முள்ளை நாங்கள் முறித்துவிட்டோம். அந்த நாளைய யூதருக்குச் சமாரியன் நல்லவன் இல்லை. வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

நான் வன்னிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது இந்த இடத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவருவேன். 58ஆம், 77ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய சனத்தை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வயல் வேலைக்கு அவர்கள் வேண்டும், கோயில் நிர்வாகத்துக்கு வேண்டாம். “குளத்துக் கட்டில் நீ அடிபட்டுக் கிடக்கிறாய், சுவாமியார் மோட்டச் சைக்கிளில் போய்விட்டார், தலைமையாசிரியரும் போய்விட்டார், நின்று தூக்கியது அந்த ஆள்” என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு பெற்றார் என்னிடம் வந்து, “ஏன் சேர் பிள்ளைகளுக்கு உதெல்லாம்?” என்று கேட்டார். அந்த ஒரு பெற்றாருக்காவது கதை சரியாக விளங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதை முடிவில் இயேசு கேள்வியையே திருப்பிப் போடுகிறார், அதையும் கவனியுங்கள். யார் என் அயலான் என்று கேட்டவனிடம், அடிபட்டவனுக்கு அயலானாக நடந்தது யார் என்று திருப்பிக் கேட்கிறார். பட்டியல் போட்டு இவர் அயல், அவர் அயலில்லை என்று பிரிக்கிற வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லது செய்து கடவுளிடம் புள்ளி வாங்குவது கிறிஸ்தவம் என்று பலர் நினைக்கிறார்கள், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் உட்பட. போதனை மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது: கடவுள் முதலில் நேசித்துவிட்டார், கேட்காமலே கொடுத்துவிட்டார், நீ செய்வதெல்லாம் அதற்குப் பிறகு வருவது. இதில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஏறத்தாழ ஐந்நூறு வருடம் சண்டை பிடித்து, 1999 ஒக்டோபர் 31இல் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். சைவப் பிள்ளைக்கு அருள் என்ற சொல்லை நான் விளக்கத் தேவையில்லை.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் சொல்கிற செபம் ஒன்று உண்டு, இயேசுவே சொல்லிக்கொடுத்தது. அதில் ஒரு வரி சபைக்குச் சபை மாறும். புரட்டஸ்தாந்த ஆட்கள், “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்பார்கள். கத்தோலிக்கர், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் குற்றங்களை மன்னியும் என்ற பொருளில் சொல்வோம். என் வகுப்பில் ஒரு சின்னப் பெட்டை இருந்தாள். தாய் அங்கிலிக்கன், தகப்பன் கத்தோலிக்கன். இரண்டு விதமும் அவளுக்குப் பாடம். ஒருநாள் கை உயர்த்திக் கேட்டாள்: “சேர், கடனை மன்னிக்கச் சொல்லிக் கொம்பனிக்காரரிட்டையும் செபிக்கலாமா?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவளுடைய வீட்டு முற்றத்தை எனக்குத் தெரியும். நுண்கடன் கொம்பனி கொடுத்த குழுக்கடன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக்கு ஒருநாள் கொம்பனிப் பெடியன் வந்து கதிரையில் இருப்பான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவளுடைய பங்கையும் கட்டிவிட்டுத்தான் எழும்பலாம். மூன்று கிழமை அப்படிக் கட்டினார்கள். நாலாம் கிழமை அவர்களுக்குள் கதை இல்லை. கிணற்றடியில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போய், தோடு போய், கடைசியில் பிள்ளையின் சைக்கிளும் போனது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கிற அளவுக்குத் தொல்லை போயிருந்தது என்றால் பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். மத்தேயு நற்செய்தியில் இருக்கிற கிரேக்கச் சொல் நேரடியாகக் கடனைத்தான் குறிக்கிறது. லூக்கா அதே இடத்தில் பாவம் என்று எழுதுகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். ஆகவே இரண்டு மொழிபெயர்ப்பும் சரி. ஒருவனுக்குத் தீமை செய்தால் அவனுக்குக் கடன்படுகிறாய், அது இருவருக்கும் நடுவில் கிடக்கும், கட்டவேண்டும் அல்லது தள்ளவேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற எண்ணம். கடன் கொடுத்தவன் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கும் பழைய ஏற்பாட்டில் சட்டம் இருக்கிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவனின் சோறு. ஏழாம் வருடம் கடனை விட்டுவிடு. அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கடைசிச் சட்டத்தை அந்த முற்றத்தில் நின்று வாசித்துக்காட்ட எனக்கு ஆசையாக இருந்தது. செய்யவில்லை.

மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்ன முக்கியமான கதையும் கடன் கதைதான். மத்தேயு 18ஆம் அதிகாரம். ஒரு வேலைக்காரன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் கட்டி முடிக்க 2 லட்சம் வருடம். அரசன் அதை அப்படியே தள்ளிவிடுகிறான். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய இன்னொருவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

பிரசங்கத்தில் பலர் இந்த நூறை ஒரு சில்லறைக் காசாக்கிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. நூறு நாள் கூலி என்றால் மூன்றரை மாத நெல்லை விதைத்து அறுக்கிற காலம். ஒரு கூலிக் குடும்பத்துக்கு ஒரு போகம் முழுதும் போனது போல. இயேசு அதை வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்: உனக்குச் செய்யப்பட்ட தீமை சின்னதில்லை, அது உண்மையான கடன். மன்னிப்பு என்பது அந்தத் தொகையை முதலில் முழுதாக எழுதி, பிறகு கிழிப்பது. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவன் எதையும் மன்னிக்கவில்லை, கணக்கை மறைக்கிறான்.

இதனால்தான் சித்தப்பா விடயத்தில் யாராவது “கிறிஸ்தவம் மன்னிக்கச் சொல்லுது, இனி அதைக் கதைக்காதே” என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை வாழ்நாள் முழுதும் பலிபீடத்தில் மன்னிப்பைப் பற்றி வாசித்தவர். அதே ஆயர்தான் 2011 தையில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன் போய், அரசின் சொந்தப் புள்ளிவிபரங்களையே வைத்து, போரின் முடிவில் வன்னியில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கணக்குக் கேட்டார். அவருடைய மன்னிப்புக்கும் அவர் கேட்ட கணக்குக்கும் இடையில் முரண் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தொகையே தெரியாத கடனை எப்படித் தள்ளுவது?

மறு கன்னத்தைக் காட்டு என்பதையும் இதே ஆட்கள் இழுப்பார்கள். வசனம் வலது கன்னம் என்று குறிப்பாகச் சொல்கிறது. எதிரில் நிற்கிறவன் வலது கையால் உங்கள் வலது கன்னத்தில் அடிக்கவேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்கமுடியும். அது ஆளைக் கேவலப்படுத்துகிற அடி. மறு கன்னத்தைக் காட்டுவது, நான் ஓடவும் இல்லை, உன்னைப்போல் ஆகவும் இல்லை என்று நிமிர்ந்து நிற்பது என்று விளக்குகிற அறிஞர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி யோவான் 18இல் இருக்கிறது. விசாரணையில் காவலன் ஒருவன் இயேசுவை அறைந்தபோது அவர் பேசாமல் இருக்கவில்லை. நான் பிழையாகப் பேசியிருந்தால் எது பிழை என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 மாசி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் நீதி கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வழியால் பஸ்சில் போகும்போதெல்லாம் லூக்கா 18இல் வருகிற விதவைதான் எனக்கு நினைவு வரும். நீதி செய்யாத ஒரு நடுவரிடம் அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். சோர்ந்துபோகாமல் செபிப்பது எப்படி என்று காட்டத்தான் இயேசு அந்தக் கதையைச் சொன்னார். நீதி கேட்டு நடப்பதைச் செபத்துக்கு உதாரணமாக்கியிருக்கிறார்.

அப்படியென்றால் மன்னிப்பு என்று உங்களிடம் கேட்கப்படுவது என்ன? நான் விளங்கிக்கொண்ட அளவில், பழி வாங்குகிற உரிமையைக் கையிலிருந்து விடுவது, செய்தவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் கெடுதல் வரவேண்டும் என்று வேண்டாமல் இருப்பது. அவனோடு உறவாடுவது வேறு, அதற்கு அவன் மனம் திரும்பவேண்டும். உண்மையைக் கேட்பது வேறு, அதை நிறுத்தச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. ஒருநாளில் முடிகிற காரியமும் இல்லை. எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு எழுபது தடவை ஏழு முறை என்ற பதிலைப் பல பேர் செய்த பல குற்றங்களுக்கான கணக்காக எடுக்கிறோம். ஒரே குற்றத்துக்கும் அது பொருந்தும் என்பது என் அனுபவம். என் தம்பியின் சாவை நான் ஒவ்வொரு வைகாசியும் புதிதாக மன்னிக்கவேண்டியிருக்கிறது. சில வருடம் முடியவில்லை. அந்த வருடங்களில் செபத்தின் அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு வயதான பாதரிடம் இதைச் சொன்னேன். “பொய் சொல்லாமல் நின்றாய்தானே, அதுவும் செபம்தான்” என்றார்.

கடனில் மற்றப் பக்கமும் உண்டு: நாங்கள் பட்ட கடன். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. லூக்கா நற்செய்தியில் வருகிற வரிக்காரன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னான். எங்கள் ஊரில் ஒரு கமக்காரர், பெயர் வேண்டாம், ஒரு சிறுபோகத்தில் பக்கத்து வயல்காரரின் முறைத் தண்ணீரை இரவில் தன் பக்கம் திருப்பினார். வாய்க்காலில் ஒரு சாக்குமண் மூட்டையை வைத்தால் போதும், விடிய முதல் எடுத்துவிடலாம், ஒரு தடயமும் இருக்காது. மற்றவருடைய வயல் கதிர் தள்ளுகிற நேரத்தில் காய்ந்துபோனது. இரண்டு வருடம் கழித்துத் தவக்காலத்தில் அவர் பூசைக்கு வந்து நன்மை (நற்கருணை) வாங்காமல் பின்வாங்கில் இருந்ததைக் கவனித்தேன். பெரிய வியாழனுக்கு முதல்நாள் உழவு இயந்திரப் பெட்டியில் பன்னிரண்டு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டுப் படலையில் இறக்கினார். பக்கத்து வயல்காரர் சைவ மனிதர். பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்தார். “எனக்கு அப்பவே தெரியும்” என்றார். பிறகு தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

மத்தேயு 5இல் இதற்கு நேரான வசனம் இருக்கிறது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது, உன்மேல் ஒருவனுக்கு மனக்குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை, பாருங்கள். அவனுக்கு உன்மேல்.

தர்மம் பற்றியும் ஒரு வரி. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று அதே போதனையில், மலைப்பொழிவு என்பார்கள், வருகிறது. எங்கள் மாவட்டங்களில் ஒரு சைக்கிளை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, பின்னால் பனர் கட்டி, வாங்குகிற பிள்ளையைக் குனியவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். கோயில் சங்கங்களும் விலக்கில்லை. அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சைக்கிளோடு போய் இறங்கவேண்டும். நீங்கள் அந்த வீட்டு மருமகளானபின் இப்படி ஒரு படத்துக்குக் கூப்பிட்டால் குசினியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அந்நியனை ஏற்றுக்கொள்வது பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மத்தேயு 25இல் பசித்தவன், தாகித்தவன், அந்நியன், உடையில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன் என்று ஆறு பேரைச் சொல்லி, அவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார் இயேசு. போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் முகாம்களில் கம்பிக்கு உள்ளே இருந்த எங்களுக்கு அந்த ஆறும் ஒரே ஆளாக இருந்தது. மடுக் கோயிலில் இருக்கிற மடுமாதாவே அகதியாக வந்தவர்தான். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சொரூபம் அது. 2008 சித்திரையில் திரும்பவும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று. இந்தக் கலியாணத்துக்காக நீங்கள் ஞானஸ்நானம் வாங்கியே ஆகவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டுவதற்கு ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்ற வாக்கைப் பெடியன்தான் கொடுக்கவேண்டும். அதை உங்களுக்குத் தெரியப்படுத்துவார்கள், உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். யாரையும் கட்டாயப்படுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்பதும் அதே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. சேரவேண்டும் என்று மனது சொன்னால் சேருங்கள், அவசரம் இல்லை.

அதுவரைக்கும் மத்தேயு 5, 6, 7ஆம் அதிகாரங்களை ஒருமுறை இருந்து வாசியுங்கள். மூன்றும் சேர்த்து 111 வசனம், இருபது நிமிடம் போதும். வாசிக்கும்போது கோபம் வருகிற வசனங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு கலியாண ஆயத்த வகுப்புக்குப் போங்கள். மாமியாரையும் கேளுங்கள். பத்துக் கட்டளையைப் பாடமாக்கச் சொன்ன மனுசிக்கு, அவவுக்கும் ஒரு 2009 இருந்திருக்கும்.